காய்ந்த குச்சியும் அய்யனாருடையது

எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது எங்கள் ஊர் அய்யனார் கோயில் காட்டிலிருந்து ஒரு கைப்பிடிப் பாலைப்பழத்தைப் பாவாடை மடியில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அப்பத்தா அதைப் பார்த்ததும் அடிக்கவில்லை, அதட்டவும் இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, ஆனி மாத உச்சிவெயிலில், ஒன்றரை மைல் தூரம் திரும்பவும் நடத்திக் கூட்டிச் சென்று, எந்த மரத்தடியில் பொறுக்கினேனோ அதே மரத்தடியில் பழங்களைக் கொட்டச் செய்தார். "இங்கனயே தின்னுக்க ஆத்தா, வயிறு முட்டத் தின்னுக்க. மடியில மட்டும் கட்டக் கூடாது. அது அய்யனாருது" என்று சொல்லிவிட்டு, தானும் இரண்டு பழத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். கொட்டைகளை அங்கேயே துப்பிவிட்டு இருவரும் வீடு திரும்பினோம்.

அந்தக் கட்டளையின் விளைவு என்ன என்பது எனக்குப் பிடிபட இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பழத்தை உள்ளேயே தின்னலாம், வெளியே கொண்டுபோகக் கூடாது என்றால், கொட்டை உள்ளேயே விழும். அப்பத்தா விதை பரவுவதை எண்ணி அப்படிச் சொன்னார் என்று நான் கூற மாட்டேன். அவர் அய்யனாரை எண்ணித்தான் சொன்னார். ஆனால் தலைமுறை தலைமுறையாக ஓர் ஊரே அப்படி எண்ணியதால்தான், சுற்றிலும் பல மைல் தூரத்துக்கு வேறெங்கும் இல்லாத மரங்கள் அந்த ஏழு ஏக்கரில் மட்டும் இன்னும் நிற்கின்றன. இந்தக் கட்டுரையில் ஊரின் பெயரை நான் எழுதப் போவதில்லை. அதற்கான காரணம் பின்னால் வரும்.

எங்கள் ஊர் திருமயத்துக்கும் காரைக்குடிக்கும் இடையில், பெருஞ்சாலையிலிருந்து விலகி உள்ளே இருக்கிறது. செட்டிநாடு என்றதும் வெளியூரிலிருந்து வருபவர்கள் வீடுகளைப் பார்க்கத்தான் வருகிறார்கள். செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014-ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தலங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்ற பிறகு, வளவு என்னும் உள்முற்றத்தையும் பட்டாலை என்னும் கூடத்தையும் ஆத்தங்குடித் தரைக்கல்லையும் படமெடுக்க வருபவர்கள் இன்னும் கூடியிருக்கிறார்கள். அவர்கள் தொட்டுப் பார்த்து வியக்கும் தேக்குத் தூண்கள் பர்மாவிலிருந்து கப்பலில் வந்தவை. எங்கள் ஊரில் அத்தகைய வீடுகள் வரிசையாக எழுந்த காலத்தில் ஒரு கதவு நிலைக்குக்கூட அய்யனார் காட்டிலிருந்து மரம் எடுக்கப்படவில்லை என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். கடல் கடந்து மரம் தருவிக்கும் வசதி இருந்தவர்களுக்கு அது பெரிய தியாகம் அல்ல. நான் அதிகம் மதிப்பது அந்த வீடுகளுக்குப் பின்னால் இருந்த கூரை வீடுகளின் கட்டுப்பாட்டை. ஒரு வேளை உலை வைக்க விறகு தேடி நாளில் பாதியைக் கருவேலங்காட்டில் செலவிட்ட பெண்கள், அய்யனார் காட்டில் முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த மிலாறு கிடந்தும் அதைத் தொடாமல் கடந்துபோனார்கள். காட்டுக்குள் விழுந்த விறகு, அய்யனாருக்குப் பொங்கும் பொங்கலுக்கு மட்டுமே என்பது விதி.

செட்டிநாட்டு மண் செம்புறாங்கல் மண். ஆண்டுக்கு ஏறத்தாழ 900 மில்லிமீட்டர் மழை பெய்யும். ஆறில்லாத ஊர்கள் என்பதால் கண்மாயும் ஊருணியும்தான் உயிர்நாடி. இந்த நிலத்தின் பழைய காடு எப்படி இருந்திருக்கும் என்று கேட்டால், இன்று சாலையோரம் தெரியும் தைலமரத் தோப்புகளும் சீமைக்கருவேலப் புதர்களும் அதற்கு விடை தரமாட்டா. காட்டியல் அறிஞர்கள் இந்தப் பகுதிக்கு உரிய காட்டு வகைகளுள் ஒன்றை வறண்ட பசுமைமாறாக் காடு என்று அழைக்கிறார்கள். சோழமண்டலக் கடற்கரையை ஒட்டி, வடக்கே விசாகப்பட்டினத்திலிருந்து தெற்கே இராமநாதபுரம் வரை துண்டு துண்டாகக் கிடக்கும் காடு இது. மேற்கு மலைக் காடுகளைப் போல வானளாவாது. பெரும்பாலும் முப்பது நாற்பது அடி உயரத்துக்குள் அடங்கிவிடும். சித்திரை வெயிலில் ஊரே வெளிறிக் கிடக்கும்போதும் தடித்த, மினுங்கும் இலைகளை உதிர்க்காமல் கரும்பச்சையாக நிற்பதுதான் இதன் அடையாளம். இதில் எஞ்சியிருப்பவற்றில் கணிசமானவை கோயில் காடுகளாகவே எஞ்சியிருக்கின்றன. ஆரோவில்லில் 1970-களிலிருந்து செம்மண் பொட்டலைக் காடாக்கியவர்கள், இந்த மண்ணுக்குரிய மரங்களின் விதைகளைத் தேடியபோது, இப்படிப்பட்ட கோயில் காடுகளுக்குத்தான் வர வேண்டியிருந்தது.

எங்கள் காட்டில் பெரும்பான்மை வீரை மரங்கள். முறுக்கிப் பிழிந்த துணியைப் போலப் பள்ளமும் மேடுமாக இருக்கும் அடிமரமும், சிவந்த சிறு பழங்களும் அதற்கு அடையாளம். அடுத்து உலக்கைப் பாலை. உலக்கை செய்யும் அளவுக்கு வன்மரம் என்பதால் அந்தப் பெயர், நான் மடியில் கட்டிய பழமும் அதனுடையதுதான். திருமாலைக் காயாம்பூ வண்ணன் என்று பாடும் நாம் எத்தனை பேர் காயாம்பூவைக் கண்ணால் பார்த்திருக்கிறோம்? கோடையில் கிளையோடு ஒட்டிக் கொத்துக் கொத்தாக மலரும் அந்த நீலத்தை நான் முதன்முதலாகப் பார்த்தபோது, பாட்டில் நெடுநாள் பழகிய ஒரு சொல் திடீரென்று உடம்பெடுத்து வந்து நின்றதைப் போல இருந்தது. அறந்தாங்கிக்கு அருகே திருப்பெருந்துறை என்னும் ஆவுடையார்கோயிலில் மாணிக்கவாசகர் எந்த மரத்தடியில் ஆட்கொள்ளப்பட்டார் என்று கேட்டால் குருந்த மரத்தடியில் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தக் குருந்து, எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்த முள்மரம், எங்கள் காட்டின் தென்புறத்தில் கூட்டமாக நிற்கிறது. கலங்கிய ஊருணித் தண்ணீரைத் தெளிய வைக்கக் குடத்தின் உட்புறத்தில் கொட்டையை உரைப்போமே, அந்தத் தேற்றா மரமும் கரையோரத்தில் இருக்கிறது. அழிஞ்சில், மாவிலங்கம், வெப்பாலை, உசில், இவற்றின் மேல் ஏறிப் படர்ந்த ஆதண்டை, சூரை, குன்றிமணிக் கொடி என்று நுழைய முடியாத அடர்த்தி. நடுவே இரண்டு கருங்காலி மரங்கள்.

இந்த மரங்களின் பெயர்கள் ஒரு காலத்தில் ஊர்ப் பெயர்களாகவே இருந்தன என்பதைச் செட்டிநாட்டில் வசிப்பவர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. காரைச் செடி மண்டிக் கிடந்ததால் காரைக்குடி என்று சொல்கிறோம். நகரத்தார் கோயில் ஒன்பதில் ஒன்று இலுப்பைக்குடி. பிள்ளையார்பட்டிக்கு மருதங்குடி என்றும் திருவீங்கைக்குடி என்றும் பழைய பெயர்கள் உண்டு. மருதும் ஈங்கையும் அந்தப் பெயர்களில் இன்னும் வாழ்கின்றன. கீரமங்கலத்துக்கு அருகே குளமங்கலத்தில், முப்பது அடிக்கும் உயர்ந்த குதிரையோடு நிற்கும் சாமிக்குப் பெருங்காரையடி மீண்ட அய்யனார் என்று பெயர். சாமியின் பெயரைச் சொன்னாலே ஒரு காரையின் அடியையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

இலுப்பையின் கதை இதில் எனக்கு மனவருத்தம் தருவது. பங்குனி, சித்திரையில் இரவில் மலர்ந்து விடியலில் உதிரும் பூ, வௌவால்களின் பெருவிருந்து. கோயில் விளக்குகளுக்கு இலுப்பெண்ணெய், தேர்களுக்கு இலுப்பை மரம், ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை. இத்தனை பயன்பட்ட மரம் இன்று எங்கள் பக்கத்தில் தேடிப் பார்க்க வேண்டிய மரமாகிவிட்டது. விளக்குக்கு வேறு எண்ணெய் வந்தது. இலுப்பெண்ணெயின் தேவை போனதும் தோப்புகளின் தேவையும் போயிற்று. பயன் கருதிக் காக்கப்பட்ட மரம், பயன் தீர்ந்ததும் காவலற்றுப் போனது. வீரையால் யாருக்கும் அப்படி ஒரு பெரும்பயன் இருந்ததில்லை. அது அய்யனாருடையது என்ற ஒரே காரணத்தால் நிற்கிறது. நம்பிக்கை என்ன செய்ய வல்லது என்று என்னிடம் கேட்பவர்களுக்கு இந்த இரண்டு மரங்களைத்தான் அருகருகே வைத்துக் காட்டுவேன்.

ஆனால் எந்த நம்பிக்கை என்பதைச் சற்று நுணுக்கமாகப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. நம் முன்னோர் மரத்தை வணங்கினார்கள், அதனால் மரம் பிழைத்தது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். எங்கள் காட்டில் யாரும் வீரையை வணங்கியதில்லை. அதற்கு மஞ்சள் கயிறு கட்டுவதில்லை, பொட்டு வைப்பதில்லை, அதன் பெயரைக்கூடப் பாதிப்பேருக்குத் தெரியாது. வணக்கம் முழுவதும் அய்யனாருக்கும் அவருடைய பரிவாரத்தில் இருக்கும் கருப்பருக்கும்தான். மரத்தைக் காத்தது உடைமை பற்றிய ஒரு தெளிவு: குறிப்பிட்ட எல்லைக்குள் இருக்கும் மண், கல், கொடி, பழம், பாம்பு, காய்ந்த குச்சி அனைத்தும் இன்னாருடையவை, நம்முடையவை அல்ல. அழகான மரம், மருந்து மரம், பெயர் தெரியாத மரம் என்ற பாகுபாடு அந்தத் தெளிவுக்குள் இல்லை. அரிய மரங்கள் பிழைத்ததற்கு இந்தப் பாகுபாடின்மைதான் காரணம் என்று நான் நினைக்கிறேன், ஏனென்றால் ஒரு மரம் அரிதாகிக்கொண்டிருக்கிறது என்பது அது அரிதாகும் காலத்தில் யாருக்கும் தெரிவதில்லை.

இதற்கு நேர் எதிரான நம்பிக்கையையும் நாம் இப்போது பார்க்கிறோம். அண்மை ஆண்டுகளில் கருங்காலி மாலை அணிந்தால் நல்லது நடக்கும் என்ற எண்ணம் பரவி, கோயில் வாசல் கடைகளிலிருந்து இணையக் கடைகள் வரை அது விற்கப்படுகிறது. கருங்காலி மிக மெதுவாக வளரும் மரம். வெளிப்புறக் கட்டை வெளிறித்தான் இருக்கும், பல பத்தாண்டுகள் கடந்து முதிர்ந்த மரத்தின் நடுவயிரம் மட்டுமே கறுத்திருக்கும். அந்த வயிரம் வேண்டுமென்றால் மரம் சாக வேண்டும். இதுவும் பக்திதான், இதுவும் மரத்தைப் புனிதமாகத்தான் கருதுகிறது. ஆனால் இங்கே புனிதம் என்பது என் கழுத்துக்கு வர வேண்டிய பொருளாக இருக்கிறது. எங்கள் காட்டில் இரண்டு கருங்காலி இருக்கின்றன என்று எழுதிவிட்டு ஊர்ப் பெயரையும் எழுத எனக்குத் துணிவில்லை.

கோயில் காடுகளைப் பற்றிய எழுத்து நம் நாட்டில் புதியது அல்ல. இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைவராக இருந்த டீட்ரிச் பிராண்டிஸ் 1897-லேயே இவற்றைப் பற்றி எழுதியிருக்கிறார். சூழலியல் அறிஞர் மாதவ் காட்கிலும் தாவரவியலாளர் வர்தக்கும் 1976-இல் மேற்கு மலைத்தொடரின் சாமிக்காடுகளைப் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பிறகு இது தனி ஆய்வுத்துறையாகவே வளர்ந்தது. ஆய்வாளர்கள் சொல்வதைப் படிக்கும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. அதே நேரத்தில், எங்கள் ஊரில் நடந்த ஒன்றை அவர்களுக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றும்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் அய்யனாருக்குக் கூரை போட வேண்டும் என்று ஒரு திருப்பணிக் குழு அமைந்தது. அதில் இருந்தவர்கள் பெரும்பாலும் சென்னையிலும் சிங்கப்பூரிலும் வசிப்பவர்கள். ஊர்மீதும் சாமிமீதும் உண்மையான அன்பு கொண்டவர்கள். அதுவரை அய்யனார் வெட்டவெளியில், வீரைகளின் நிழலில், தேவியர் பூரணையும் புஷ்கலையும் இருபுறமும் இருக்க அமர்ந்திருந்தார். கூரை வேண்டாம் என்று சாமி முன்பே சொல்லியிருக்கிறது என்று பெரியவர்கள் சிலர் தடுத்தார்கள். அதனால் பூப் போட்டுப் பார்த்தார்கள். சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனியாக மடித்து வைத்து, ஒரு குழந்தையை எடுக்கச் சொன்னார்கள். வெள்ளை வந்தது, வெள்ளை என்றால் சம்மதம். அடுத்த வாரம் மண்வாரி எந்திரம் வந்தது. மண்டபத்துக்கும், வாகனம் வந்து திரும்பும் வழிக்குமாக நான்கு வீரை, ஒரு பாலை, இரண்டு குருந்து, ஆக ஏழு பெருமரங்களும் அவற்றைச் சுற்றியிருந்த கொடிப் புதரும் இரண்டே நாளில் போயின. குடமுழுக்கு சிறப்பாக நடந்தது. மரங்கள் இருந்த இடத்தில் பளிங்குத்தரையும், தரையைச் சுற்றி வெளியூர் நாற்றங்காலிலிருந்து வந்த நெட்டிலிங்கமும் நந்தியாவட்டையும் வைத்தார்கள். வீரையின் வயது என்ன இருக்கும் என்று வெட்டியவர்களிடம் கேட்டேன். வளையம் எண்ண முடியாத அளவுக்கு நெருக்கமாக இருந்தது என்றார்கள்.

ஊரில் பக்தி குறைந்துவிட்டது, அதனால் காடு அழிகிறது என்று சொல்லப்படுவதை என்னால் ஏற்க முடியாமல் போனது அப்போதிலிருந்துதான். எங்கள் ஊரில் பக்தி ஒரு துளியும் குறையவில்லை. நன்கொடையாளர் பெயர்களைப் பொறித்த கல்வெட்டு என் உயரத்துக்கு இருக்கிறது. மாறியது சாமியின் எல்லை. முன்பு நாங்கள் செருப்பைக் கழற்றியது காட்டின் விளிம்பில், பழைய மண்குதிரைகள் வரிசையாக நிற்கும் இடத்தில். அங்கிருந்து சாமி இருக்கும் இடம் வரை சருகின் மேல் வெறுங்காலோடு நடக்க வேண்டும். மண்டபம் வந்த பிறகு செருப்பு கழற்றும் இடம் மண்டபப் படிக்கட்டு ஆயிற்று. இடைப்பட்ட ஐந்து ஏக்கரும், யாரும் சொல்லாமலே, யாருடைய தீர்மானமும் இல்லாமலே, சாமியின் கையைவிட்டு நழுவிவிட்டது. அடுத்த ஆண்டே அங்கே வண்டி நிறுத்தத் தொடங்கினார்கள். அதற்கடுத்த ஆண்டு கிடாவெட்டுக்கு வந்தவர்கள் பாலைக் கிளையை ஒடித்து அடுப்பு மூட்டினார்கள். யாரும் தவறு செய்வதாக நினைத்துச் செய்யவில்லை. அவர்களைப் பொறுத்தவரை கோயில் மண்டபத்தோடு முடிந்துவிட்டது.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பழைய ஒழுங்கில் எல்லாம் நன்றாக இருந்தது என்று நான் எழுதினால் அது உண்மையாகாது. அப்பத்தாவைப் போல முதிர்ந்தவர்களைத் தவிர, வயதுக்கு வந்த பெண்கள் குதிரை வரிசையைத் தாண்டி உள்ளே போகக் கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். பொங்கல் வைப்பது குதிரைகளுக்கு இப்புறம். பூசை நடப்பது மரங்களுக்கு அப்புறம். ஊரின் ஒரு பகுதி மக்களுக்குப் பொங்கல் வைக்க ஊருணியின் மறுகரைதான் ஒதுக்கப்பட்டிருந்தது. அவர்களும் அந்தக் காட்டின் ஒரு குச்சியையும் தொடாமல் காத்தவர்கள்தான். மண்டபம் கட்டிய அதே குழு இந்த இரண்டு தடைகளையும் நீக்கியது. அதற்காக நான் அவர்களுக்கு இன்றும் நன்றியுடன் இருக்கிறேன். பன்னிரண்டு வயதில் வெளியே நிறுத்தப்பட்ட நான், முப்பதைக் கடந்த பிறகு முதன்முறையாக அய்யனார்முன் போய் நின்றேன். நான் சிறுமியாக ஓடி விளையாடிய வீரைகளைத் தேடியபோது அவை அங்கே இல்லை.

காவல் மரம் என்ற எண்ணம் தமிழில் எத்தனை பழையது என்று பேசும்போது சங்ககாலக் குறுநில மன்னன் நன்னனை மறந்துவிடக் கூடாது. அவனுடைய காவல் மாமரத்திலிருந்து ஆற்றில் விழுந்து மிதந்து வந்த காயை ஒரு பெண் தின்றுவிட்டாள். எண்பத்தொரு யானைகளையும் அவள் எடைக்கு எடை பொன்னால் செய்த பாவையையும் தருகிறோம் என்று இறைஞ்சியும் கேளாமல் அவன் அவளைக் கொன்றான். பெண்கொலை புரிந்த நன்னன் என்று பரணர் அவனைப் பழித்துப் பாடியதால் அந்தச் செய்தி இரண்டாயிரம் ஆண்டுகளாக நம்மிடம் இருக்கிறது. மரத்தைக் காக்கிறேன் என்று மனிதரை வதைக்கும் நம்பிக்கையும் நம்மிடம் இருந்திருக்கிறது. அங்கேயே உட்கார்ந்து வயிறு முட்டத் தின்னச் சொன்ன அப்பத்தாவின் அய்யனாருக்கும் நன்னனுக்கும் உள்ள தூரத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். தடைகளில் எதை வைத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்று ஊர் கூடிப் பேசியிருந்தால், பெண்களும் உள்ளே வந்திருப்போம், வீரைகளும் நின்றிருக்கும்.

குதிரை வரிசையை மீட்டவர் எங்கள் கோயில் பூசாரியான வேளார். செட்டிநாட்டில் பல அய்யனார் கோயில்களில் மண்ணில் குதிரை செய்பவர்களே பூசையும் செய்வார்கள். புரவி எடுப்பு என்னும் மண்குதிரை விழாவுக்கு ஊர் பிடிமண் கொடுத்துத் தொடங்கிவைக்க, கண்மாய் மண்ணெடுத்து அவர்கள் குதிரை வனைந்து, சூளை வைத்து, ஊர் திடலுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து ஊரார் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போவார்கள். ஐந்து ஆண்டுகளுக்கு முன் நடந்த புரவி எடுப்பில், புதுக் குதிரைகளை மண்டபத்துக்கு முன்னால் அழகாக நிறுத்த வேண்டும் என்று எல்லோரும் விரும்பினார்கள். குதிரையை எங்கே இறக்குவது என்று சொல்லும் உரிமை வேளாருக்கு. அவர் மண்டபத்துக்குப் போகவே இல்லை. காட்டின் விளிம்பில், உடைந்து சாய்ந்து கிடந்த பழைய குதிரைகளுக்குப் பக்கத்தில், வண்டிகள் உள்ளே நுழையும் வழியை அடைத்தாற்போல வரிசையாக இறக்கச் சொன்னார். குதிரையைத் தாண்டிச் செருப்போடு போக யாருக்கும் மனம் வரவில்லை. அன்றிலிருந்து மறுபடியும் செருப்பு காட்டின் விளிம்பில் கழற்றப்படுகிறது. வண்டி நின்ற இடத்தில் இப்போது குருந்துக் கன்றுகள் முழங்கால் உயரத்துக்கு எழுந்திருக்கின்றன. யாரும் நட்டதல்ல, சின்னான் குருவிகளும் மரநாய்களும் போட்ட விதை. ஓர் ஆணையோ வேலியோ அறிவிப்புப் பலகையோ செய்ய முடியாததை மண்குதிரைகள் செய்தன என்பதைக் கண்ணாரக் கண்டவள் நான்.

இருந்தாலும் குதிரைகளை மட்டுமே நம்பி இருந்துவிட முடியாது. கிராமக் கணக்கில் எங்கள் காடு எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று பார்த்தேன். "தீர்வை ஏற்படாத தரிசு" என்று இருந்தது. நூற்றாண்டு வயதுடைய மரங்கள் நெருங்கி நிற்கும் நிலத்துக்குக் காகிதத்தில் தரிசு என்று பெயர். தரிசு என்றால் நாளை ஒரு கட்டடத்துக்கோ தைலமர நடவுக்கோ ஒதுக்குவது எளிது. சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டத்தின் 37-ஆம் பிரிவு, உள்ளாட்சி அமைப்புகளைக் கலந்து பல்லுயிர்ப் பாரம்பரியத் தலங்களை அறிவிக்க மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. தமிழ்நாட்டில் 2022 நவம்பரில் மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி முதலில் அப்படி அறிவிக்கப்பட்டது. 2025 மார்ச்சில் இரண்டாவதாக அறிவிக்கப்பட்டது திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியில் இருக்கும் வீரகோயில் காடு. அதன் பரப்பு 4.97 ஹெக்டேர்தான். ஒரு சிறு கோயில் காட்டுக்கு அந்தத் தகுதி கிடைக்கும் என்பதை அந்தச் செய்தியில் படித்த அன்று நான் வேளார் ஐயாவுக்கு உடனே தொலைபேசியில் சொன்னேன். சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூருக்கு அருகே கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் கண்மாய்க்கு வரும் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அந்த வேட்டங்குடிக் கண்மாய்கள் 1977-இலேயே சரணாலயமாக அறிவிக்கப்பட்டவை. ஊரின் கட்டுப்பாடும் அரசின் காகிதமும் ஒன்றையொன்று தாங்கி நிற்க முடியும் என்பதற்கு அது எங்கள் பக்கத்திலேயே இருக்கும் சான்று.

ஊராட்சியின் பல்லுயிர்ப் பதிவேட்டில் எங்கள் காட்டைச் சேர்க்க முதலில் மரங்களின் பட்டியல் வேண்டும். அதற்காகச் சென்ற ஆண்டு மூன்று முறை ஊருக்குப் போனேன். வேளார் ஐயா முன்னே நடந்து பெயர் சொல்வார், நான் பின்னே நடந்து எழுதிக்கொள்வேன். ஐம்பதுக்கும் மேற்பட்ட மரம், கொடிகளுக்கு அவர் பெயர் சொன்னார். வடமேற்கு மூலையில், பழைய கிணற்றை ஒட்டி, ஒற்றையாக நிற்கும் ஒரு மரத்தின் அருகில் வந்ததும் நின்றுவிட்டார். "இதுக்குப் பேரு தெரியாது ஆத்தா. எங்க ஐயாவுக்கும் தெரியாது. இது ஒண்ணுதான் இருக்கு" என்றார். நானும் கையிலிருந்த நூல்களை எல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டேன். திருச்சியில் புனித வளனார் கல்லூரியில் அருட்தந்தை மேத்யூ 1967-இல் நிறுவிய ராப்பினாட் உலர்தாவரகம், அதாவது உலர்த்திப் பதப்படுத்திய தாவரங்களின் தொகுப்பு, இருக்கிறது. தமிழ்நாட்டுச் சமவெளியின் தாவரங்களை அடையாளம் காண அதைவிட நல்ல இடம் அருகில் இல்லை. தெரிந்த தாவரவியல் ஆசிரியர் ஒருவருக்குப் படங்களை அனுப்பியபோது, படம் போதாது, பூவோ காயோ உள்ள ஒரு சிறு கிளை வேண்டும், அதைப் பதப்படுத்தி அங்கே கொண்டுபோய் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றார்.

கிளையை வெளியே கொண்டுபோக வேண்டும். மடியில் கட்டிய பழத்தைத் திரும்பக் கொட்டவைத்த காட்டிலிருந்து.

வேளார் ஐயாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். எதற்காக என்று முழுவதும் விளக்கினேன்; பெயர் தெரிந்தால் பட்டியலில் வலுச் சேரும், காட்டுக்குப் பாதுகாப்பு கிடைக்கும் என்றேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "நானா கொடுக்கிறது? சாமிகிட்ட கேப்போம்" என்று சூடம் ஏற்றிவிட்டு, கவுளி கேட்க, அதாவது பல்லியின் சத்தத்தில் சாமியின் சம்மதத்தை அறிய, இருவரும் மண்டபத்தின் வெளிப்புறம் உட்கார்ந்தோம். ஒரு மணி நேரம் இருந்திருப்போம். பல்லி எதுவும் சொல்லவில்லை. ஆடியில் ஒரு முறை, கார்த்திகையில் ஒரு முறை மறுபடியும் உட்கார்ந்தோம், அப்போதும் சொல்லவில்லை. என் கையிலேயே கத்தரி இருந்தது, மரமும் பத்தடியில் இருந்தது. ஒரு சிறு கிளையால் அந்த மரத்துக்கு எந்தக் குறையும் வராது என்பது எனக்குத் தெரியும். ஆனால் வெள்ளைப் பூ வந்துவிட்டது என்று ஏழு மரம் வெட்டியவர்களுக்கும் அவரவர் காரணம் நல்லதாகத்தான் தெரிந்தது என்பதும் நினைவுக்கு வந்ததால், கத்தரியைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

கார்த்திகையில் திரும்பி வரும்போது குதிரை வரிசைக்கு வெளியே, என் செருப்பின் மேல், அந்த மரத்தின் இலை ஒன்று காற்றில் வந்து கிடந்தது. இதை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். வேளார் ஐயா இலையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், நெடுநேரம் யோசித்தார். "எல்லைக்கு வெளிய அவரா அனுப்புனது. எடுத்துக்க ஆத்தா" என்றார். அந்த ஒற்றை இலை இப்போது என் மேசையில், இரண்டு தாள்களுக்கு நடுவே இருக்கிறது. இலையை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். மரம் எந்த மாதம் பூக்கிறது என்று வேளார் ஐயா கவனித்துச் சொல்வதாக இருக்கிறார். அது பூக்கும்போது நான் போய், காற்று வீசும் பக்கமாக, குதிரைகளுக்கு இப்புறம் உட்கார்ந்திருப்பேன்.